உங்கள் திரையில் என் நம்பர்

ஜூன் 9, திங்கள்

மணிக்கூண்டுக்கு,

இந்தப் பட்டப்பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஒரு நிமிடம் பிந்தாமல் வருகிறவளைப் பதினொரு வருடம் இப்படிக் கூப்பிட்ட வாய்க்கு வேறு பெயர் வரவில்லை.

மருந்துச் சீட்டைத் தவிர வேறெதையும் கையால் எழுதி எனக்கு எத்தனையோ வருடமாகிறது. என் போனை நீ தடுத்து வைத்திருக்கிறாய். ஏழு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். சரி, கிளினிக் கம்ப்யூட்டரிலிருந்து மெசேஜ் போடலாம் என்று உட்கார்ந்து உன் நம்பரைத் தட்டிய பிறகுதான் உறைத்தது. அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போகிற மெசேஜ் எல்லாம் உன் நம்பரிலிருந்துதான் போகிறது. உனக்கு நீயே எழுதிக்கொண்டதாகத்தான் வந்து சேரும். அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நேரம் வாங்கியவர்களில் பதின்மூன்று பேர் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டால், "நீங்கதானே டாக்டர் ஊர்ல இல்லைன்னு மெசேஜ் அனுப்பினீங்க" என்கிறார்கள். கம்ப்யூட்டரில் பார்த்தால் ஆமாம், போயிருக்கிறது. நான் அனுப்பவில்லை. பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் அந்தக் கல்லூரிப் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாய். அவளும் அவள் அப்பாவும் மூடிய ஷட்டர் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உன்னை வேலையிலிருந்து அனுப்பியதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் வாத்தியார் விஷயத்தில் வேறு வழியும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற மனிதர், பல் எடுக்க வருவதற்கு முன் அதை நிறுத்தலாமா என்று மெசேஜில் கேட்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் 'நிறுத்திடலாம்' என்று நீயே பதில் போட்டுவிட்டாய். ஐந்தாம் நாள் பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. அந்த வீட்டார் போலீசுக்குப் போகாமல் இருப்பது என் முகத்துக்காக.

உன் நம்பரை அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்தது நீ. நீயே துண்டித்துவிடு. நோயாளிகளை விட்டுவிடு. நாகரிகமாக முடித்துக்கொள்வோம்.

டாக்டர்


ஜூன் 12, வியாழன்

டாக்டரம்மா அவர்களுக்கு,

நாகரிகமாக முடித்துக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு பேர் காத்திருந்த அறையில், வாத்தியார் வீட்டம்மா அழுதுகொண்டு நிற்கையில், "இவதான் அனுப்பினா, இவளையே கேளுங்க" என்று என் பக்கம் கையை நீட்டினீர்களே, அது எந்த நாகரிகத்தில் சேர்த்தி?

கிளினிக்குக்கு ஏன் என் நம்பர் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? வேலைக்குச் சேர்ந்த வாரமே சொன்னேன், ஒரு போன் வாங்கிவிடலாம் என்று. "எதுக்கு, உன்கிட்டதான் ஒண்ணு இருக்கே" என்றீர்கள். அப்புறம் போர்டில் என் நம்பர். மருந்துச் சீட்டில் என் நம்பர். காலண்டரில் என் நம்பர். என் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் அவள் மேடையில் நிற்கும்போது நான் கீழே குனிந்து யாருடைய கடைவாய்ப் பல்லுக்கோ நேரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். தட்டித் தட்டிக் கட்டைவிரல் நரம்பு பிடித்துக்கொண்டது. அதனால்தான் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். கீபோர்டில் பத்து விரலாலும் அடிக்கலாமே என்று. அன்றிலிருந்து என் போனும் உங்கள் கம்ப்யூட்டரும் ஒரே மெசேஜ் பெட்டி. இதில் அடித்தாலும் அதில் அடித்தாலும் இரண்டிலும் தெரியும். வாங்குகிறவருக்கு மட்டும் அடித்தது யார் கை என்று தெரியாது.

வாத்தியாருக்கு அந்தப் பதில் போனது மே 14, புதன்கிழமை, காலை 11.20க்கு. அன்று நான் லீவு. நீங்கள்தான் கொடுத்தீர்கள், முகத்தை ஒரு முழம் நீட்டிக்கொண்டு. நான் அனுப்பவில்லை என்று வீட்டம்மா வந்த அன்றைக்கே சொன்னேன். "வீட்டிலிருந்து அனுப்பியிருப்பே" என்றீர்கள். எப்படி அனுப்புவேன்? அதற்கு ஒரு வாரம் முன்புதான், ஒரு பாட்டியம்மாவுக்கு வீக்கத்துக்கு ஐஸ் வைக்கச் சொன்னேன் என்று எல்லார் காதிலும் விழும்படி கத்தினீர்கள். "நீ டைப் அடிக்கிறவ. டாக்டர் வேலையை நான் பார்த்துக்கறேன்." அதைக் கேட்ட பிறகு மாத்திரை விஷயத்தில் நான் வாயைத் திறப்பேனா?

இதுவரை மூன்று கிளினிக்கில் வேலை கேட்டேன். மூன்றாவது இடத்தில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஓ, அந்த மெசேஜ் அனுப்பினது நீங்கதானா" என்றாள் அங்கே இருந்த பெண், என்னவோ ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு. வாத்தியாரிடம் படித்தவர்கள் இல்லாத தெரு இந்த ஊரில் கிடையாது. என் மகளின் வகுப்பு ஆசிரியையும் அவருடைய மாணவிதான். என் மகளிடம் அவர் இப்போது சிரிப்பதில்லையாம்.

ஆமாம், பதின்மூன்று பேரையும் திருப்பியது நான்தான். அடுத்த வாரம் இருபது பேர். கம்பி போட்ட பெண்ணுக்கு மட்டும் வருத்தம் தெரிவித்து எழுதிவிட்டேன். அவள் எனக்கு என்ன செய்தாள்?

இணைப்பைத் துண்டிக்க மாட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். வாத்தியார் வீட்டுக்குப் போங்கள். அதை அனுப்பியது இவள் இல்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதுவரை உங்கள் திரையில்தான் நான் உட்கார்ந்திருப்பேன்.

டைப் அடிக்கிறவள்


ஜூன் 16, திங்கள்

உனக்கு,

மிரட்டல் கடிதத்தைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பிய முதல் ஆள் நீதான். அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டதும் நான்தான், என் தலையெழுத்து.

புது நம்பர் வாங்கிவிட்டேன். போர்டையும் மாற்றி எழுதியாகிவிட்டது. என்ன பிரயோஜனம்? ஜனங்கள் பழைய நம்பருக்குத்தான் அனுப்புகிறார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் எனக்குத்தான் தெரியாமல் போகும், உனக்கு வந்துகொண்டே இருக்கும். உன் இடத்துக்கு ஒரு பெண்ணை வைத்தேன். வந்த மெசேஜுக்குப் பதில் அடிக்க அவள் கையை வைப்பதற்குள் அவள் கண்ணெதிரே திரையில் பதில் தானாக முளைக்கிறது. "இது என்னங்க மேடம், பேய் பிடிச்ச மெஷினா இருக்கு" என்று மூன்றாம் நாளே நின்றுவிட்டாள். அவளுக்குப் பயம் காட்டத்தான் இரண்டாம் நாள், 'அந்த மஞ்சள் துப்பட்டா உனக்கு நன்றாக இருக்கிறது' என்று வேறு அடித்தாயா? அவள் அதைத்தான் போட்டிருந்தாள். தெருவில் எங்கே நின்று பார்த்தாய்?

நான் சொல்வதைக் கேள். அன்று காலை எனக்கு இரண்டு பல் எடுப்பு, ஒரு ரூட் கேனல். கையில் உறையோடு நான் கீபோர்டைத் தொடுவேனா? பதினொரு வருடத்தில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா? நீ செய்யவில்லை என்றால் பேயா செய்தது?

என் வக்கீலைக் கேட்டேன். நோயாளிகளை இப்படித் திசைதிருப்புவது குற்றம், புகார் கொடுக்கலாம் என்கிறார். பழைய பழக்கத்துக்காகப் பொறுத்துப் போகிறேன். ஒரு நற்சான்றிதழ் எழுதித் தருகிறேன். நேரம் தவறாதவள், நம்பிக்கையானவள் என்று. எடுத்துக்கொண்டு தூரமான இடத்தில் வேலை தேடிக்கொள். வாத்தியார் வீட்டுக்குப் போய் நான் சொல்ல எதுவும் இல்லை.

டாக்டர்


ஜூன் 19, வியாழன்

டாக்டரம்மா அவர்களுக்கு,

துப்பட்டா விஷயம் நான்தான். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அந்தப் பெண் ஓடியதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. அவளுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.

இதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன். நன்றாகப் பாருங்கள். மே 14 எதற்கு லீவு என்று நீங்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அன்று என் விவாகரத்து வழக்கு முடிந்தது. கோர்ட்டுக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒரு கவுன்டர், அங்கே கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்க வேண்டும். வாங்கிய நேரம் 10.05. திருப்பிக் கொடுத்த நேரம் 1.15. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. போனை அணைக்காமல் கொடுத்தேன், அதனால்தான் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து மெசேஜ் போக முடிந்தது. 11.20க்கு என் போன் மரப்பெட்டியில் கிடந்தது. நான் உள்ளே நின்று, பதினாறு வருடக் கல்யாணத்தை முடித்துக்கொள்ள 'சம்மதம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அசல் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. வக்கீலிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். வேலையில்லாதவளுக்குத்தான் நேரம் நிறைய இருக்கிறதே, அந்த நாளின் மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 11.16க்கு பேக்கரிக்காரர் கேட்கிறார்: 'வாய் கொப்பளிக்கிற மருந்தை நிறுத்திடலாமா?' அதற்குப் பதிலே இல்லை. மறுநாள் மறுபடி கேட்கிறார், நேற்றே கேட்டேனே என்று. 11.19க்கு வாத்தியார் கேட்கிறார், மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று. 11.20க்கு வாத்தியாருக்குப் பதில் போகிறது.

என்ன நடந்தது என்று நான் சொல்லட்டுமா? பேக்கரிக்காரர் பெயர் பட்டியலில் மேலே இருந்தது. அதைப் படித்தீர்கள். அடிக்க ஆயத்தமானீர்கள். அந்த நேரத்தில் வாத்தியார் மெசேஜ் வந்தது. புதிதாக எது வந்தாலும் அந்தப் பெயர் மேலே ஏறிவிடும், மற்றதெல்லாம் ஒரு படி இறங்கிவிடும். நீங்கள் மேலே இருந்ததைத் தட்டினீர்கள், பதில் அடித்தீர்கள், எழுந்து போய்விட்டீர்கள். நான் ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்கு முன் பெயரை வாய்விட்டுப் படிப்பேனே, "என்ன, கடவுளுக்கு அர்ச்சனையா" என்று கிண்டல் செய்வீர்களே, அது இதற்குத்தான்.

இந்த நம்பரில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பேர் இருக்கிறார்கள். எல்லாரையும் ஒன்றாகத் தேர்வு செய்து வைத்திருக்கிறேன். மெசேஜும் தயார். விரலை வைக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு வாரம் தருகிறேன்.

டைப் அடிக்கிறவள்


ஜூன் 24, செவ்வாய்

மணிக்கூண்டுக்கு,

மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ சொன்னபடிதான் நடந்தது. நாற்காலியில் ஒருவருக்கு மரத்துப்போக ஊசி போட்டிருந்தேன். அது வேலை செய்ய ஐந்து நிமிடமாகும். முன்னறையில் அந்த மெஷின் டிங் டிங் என்று உயிரை எடுத்தது, நிறுத்தவும் எனக்குத் தெரியாது. வலது கை உறையைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். உட்காரவில்லை. பேக்கரிக்காரர் கேட்டதைப் பட்டியலிலேயே படித்தேன், மேலே இருந்த பெயரைத் தட்டினேன். ஒற்றை விரலால் அடித்தேன். எந்த எழுத்து எங்கே இருக்கிறதென்று கீபோர்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், திரையைப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டேன். போனதும் மறந்துவிட்டேன்.

வாத்தியார் வீட்டம்மா வந்த அன்று நான் பொய் சொல்லவில்லை. இதை நீ நம்ப வேண்டும். நான் அவருக்கு எதுவும் எழுதியதாக எனக்கு நினைவே இல்லை. நீதான் என்று சத்தியமாக நினைத்தேன்.

மறுநாள் பேக்கரிக்காரர் நேரில் வந்தார். "ரெண்டு தரம் கேட்டேன், பதிலே வரலையேம்மா" என்றார். அவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்க, கையில் கண்ணாடியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இன்று வரை நான் சொன்னது எல்லாம் பொய்.

சொல்லிவிட்டால் என் உரிமம் போய்விடும். இருபத்தாறு வருடம். எனக்கு வேறு எதுவும் தெரியாது. வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும், ஒருவரும் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்குவதற்காகத்தான் எழுந்திருக்கிறேன்.

நீ கேட்டது உண்மை. தந்துவிட்டேன். படித்ததும் கிழித்துவிடு. மறுபடி வேலைக்கு வா. கிளினிக்கில் உன் இஷ்டப்படி நடக்கட்டும். வாத்தியாரின் மருத்துவச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வீட்டுக்கு மட்டும் போகச் சொல்லாதே.

டாக்டர்


ஜூன் 27, வெள்ளி

டாக்டரம்மா அவர்களுக்கு,

கிழிக்கவில்லை.

உங்களுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. நான் மூன்றாவது கிளினிக்கில் நின்றுகொண்டே பேசிவிட்டுத் திரும்பி வந்த நாளில் உங்களுக்குத் தெரியும். என் மகள் சாப்பிடாமல் படுத்த நாளில் உங்களுக்குத் தெரியும். நற்சான்றிதழ் தருகிறேன் என்று எழுதியபோதும் தெரியும். இதை முப்பது தடவை படித்திருப்பேன். மறுபடி வேலைக்கு வா என்கிறீர்கள். உங்கள் ஷட்டரைத் தாண்டி உள்ளே வருவதைவிட நான் அந்த மூன்றாவது கிளினிக்கின் தரையைத் துடைப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பேருக்கும் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். உங்கள் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அனுப்பினால் அது என் நம்பரிலிருந்து நான் சொல்வது. யார் நம்புவார்கள்? நீங்கள்தான் அடிக்க வேண்டும்.

வாத்தியார் இப்போது இடது கை ஆள்காட்டி விரலால் போனில் எழுதுகிறார். அவர் பேச்சு எல்லாமே இனி மெசேஜ்தான். சமையலறையில் நிற்கும் மனைவிக்குத் தண்ணீர் வேண்டும் என்று மெசேஜ் போடுகிறாராம். இதெல்லாம் அந்த வீட்டம்மாவே சொன்னது. நேற்று நான் நேரில் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். புதன்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன், டாக்டரிடமிருந்து ஒரு செய்தி வரும், அதைப் பார்த்துவிட்டு அப்புறம் கதவைச் சாத்துங்கள் என்று சொன்னேன். சம்மதித்தார்.

ஜூலை 2, புதன், காலை பதினொரு மணி. அதே கம்ப்யூட்டர், அதே நம்பர். நடந்ததை எழுதி வாத்தியாருக்கு அனுப்புங்கள். அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள். நான் அந்த வீட்டில் அவர் பக்கத்தில் இருப்பேன். பதினொன்றரைக்குள் வரவில்லை என்றால் உங்கள் கையெழுத்துக் கடிதத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன்.

நீங்கள் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. அது ஒன்றுதான் எனக்குக் குறை.

டைப் அடிக்கிறவள்


ஜூலை 1, செவ்வாய்

மணிக்கூண்டுக்கு,

நாளை பதினொரு மணிக்கு அடிக்கிறேன். பெயரையும் போடுகிறேன். முடிவு செய்துவிட்டேன். இன்றைக்கே கிளினிக்கில் இருந்தவர்களுக்கு எல்லாம் வேறு டாக்டர் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ புறப்படுவதற்கு முன் இது கையில் கிடைக்க வேண்டும் என்று, கூட்டுகிற அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் சீட்டு நகலை நானும் முப்பது தடவை பார்த்தேன். 10.05 முதல் 1.15 வரை. 11.20க்கு நீ இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1.15க்கு போன் உன் கைக்கு வந்துவிட்டது.

1.48க்கு வாத்தியார் எழுதியிருக்கிறார்: 'நன்றி அம்மா. மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டேன்.' 1.52க்கு அதற்குப் பதில் போயிருக்கிறது: 'சரி.'

கிளினிக்கை ஒரு மணிக்கு மூடுவோம், நாலு மணிக்குத் திறப்போம். உனக்குத் தெரியாததா? அன்று கம்ப்யூட்டரை அணைத்து, ஷட்டரை இறக்கி, சாவியை நான்தான் எடுத்துப் போனேன். அப்படியானால் அந்த 'சரி'யை அடித்தது யார்?

அவர் சிகிச்சை அட்டையை இப்போது என் முன்னால் வைத்திருக்கிறேன். மேலே சிவப்பு மையில், 'இதய டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது' என்று இருக்கிறது. கையெழுத்து உன்னுடையது. அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

நான் எதைப் படித்து எதற்குப் பதில் சொன்னேன் என்று தெரியாமல் செய்தேன். நீ அவர் கேட்டதையும் படித்தாய், என் பதிலையும் படித்தாய், அவர் நிறுத்திவிட்டதையும் படித்தாய். எனக்கு அதில் ஒரு நிமிடம்தான் இருந்தது. உனக்கு நாலு நாள் இருந்தது. ஒரு போன் செய்திருந்தால் போதும்.

இதை நான் வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. நாளை நான் அடிக்கிற மெசேஜிலும் இது இருக்காது. நீ ஜெயித்துக்கொள். அந்த வீட்டம்மா உன்னைக் கட்டிக்கொண்டு அழும்போது இது உன் கைப்பையில் இருந்தால் எனக்குப் போதும்.

டாக்டர்


ஜூலை 5, சனி

டாக்டரம்மா அவர்களுக்கு,

கைப்பையில்தான் இருந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது கூட்டுகிற அம்மா வந்து கொடுத்தார். பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். குறி பார்த்து அடித்திருக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் போனேன். வாத்தியாரை ஜன்னல் ஓரம் தலையணை வைத்து உட்கார வைத்திருந்தார்கள். வாயின் வலப்பக்கம் இறங்கியிருக்கிறது. வீட்டம்மா எனக்கு நாற்காலி காட்டவில்லை. நின்றுகொண்டிருந்தேன். 11.04க்கு அவர் போன் ஒலித்தது, அதே நொடி என் திரையிலும் முளைத்தது. ஒரே மெசேஜ்தான். நீங்கள் ஒன்றையும் குறைக்கவில்லை. பேக்கரிக்காரரைப் பற்றி எழுதியிருந்தீர்கள், மறுநாளே தெரிந்ததையும், தெரிந்தும் என்மேல் போட்டதையும் எழுதியிருந்தீர்கள். பெயரும் இருந்தது. இதற்காகத்தான் ஒன்றரை மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வந்துவிட்டது.

வீட்டம்மா இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பாவி நான், உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேனேம்மா. உன் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்" என்று அழுதார். என்னை இழுத்துப்போய் அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், அந்த 'சரி' நான்தான். கோர்ட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் போனைத் திறந்தேன். மூன்றையும் படித்தேன். சிவப்பு மையில் நான் எழுதியதும் ஞாபகம் வந்தது. கூடவே நீங்கள் கத்தியதும் ஞாபகம் வந்தது. டாக்டர் வேலையை நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள் அல்லவா, பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை அவர் வந்து நாற்காலியில் சாய்ந்து, "நீங்க சொன்னபடி நிறுத்திட்டேன் டாக்டர்" என்று சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். முன்னறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்றுகூட யோசித்தேன். ஏழு பேருக்கு நேரம் கொடுத்திருந்தேன். நாலு நாளும் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் அனுப்பவில்லை என்று சொன்னதெல்லாம் உண்மை. அந்த உண்மையை எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு இது உள்ளே போய்விட்டது. ஒரு கட்டத்தில் எனக்கே மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்திருந்தபோது நான் எழுந்து வந்திருக்கலாம். நீங்கள் யாரிடமும் சொல்லமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆயுசு முழுக்க உங்களுக்கு ஒன்று தெரியும், நீங்கள் சொல்லாமல் இருப்பீர்கள், நான் அதற்கு உங்களுக்குக் கடன்பட்டு இருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தை உங்களுக்குத் தர மாட்டேன். கைப்பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. அந்த 'சரி' நான் அடித்தது என்பதையும் சொன்னேன்.

அந்த அம்மா கையை எடுத்தது எந்த இடத்தில் என்று கவனிக்கவில்லை. படித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

வாத்தியார் போனை எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டார். இடது கை விரல் எழுத்து எழுத்தாகப் போனது. தப்பாக விழுந்ததை அழித்து அழித்து அடித்தார். ஆறேழு நிமிடமாவது ஆகியிருக்கும். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் பையில் போன் ஒலித்தது. உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒலித்திருக்கும். நீங்கள் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தீர்கள் என்று எனக்கு நிச்சயம்.

'நான் ஒரு மாத்திரையைப் பற்றித்தான் கேட்டேன் அம்மா.'

நமக்கு வந்தது இவ்வளவுதான். இன்றோடு மூன்று நாளாகிறது. இணைப்பை இன்னும் துண்டிக்கவில்லை. மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன். அங்கிருந்தும் பதில் போகவில்லை, இங்கிருந்தும் போகவில்லை. நீங்கள் போடுவீர்கள் என்று நான் காத்திருக்கிறேன். நான் போடட்டும் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள்.